குழந்தையின் இரத்த அறிக்கையில் பெரியவர்களின் வரம்பு: பரிசோதனை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் மாவட்டத்தில் தனியார் இரத்தப் பரிசோதனை நிலையங்களை நடத்துவோருக்கும், அவற்றின் அறிக்கைகளில் கையொப்பமிடும் நோய்க்குறியியல், உயிர்வேதியியல் மருத்துவர்களுக்கும்,

குழந்தைகளின் அறிக்கைகளில் அவரவர் வயதுக்குரிய இயல்பு வரம்பை அச்சிட வேண்டும் என்று உங்களில் ஒரு நிலையத்திற்கு எழுத்து மூலம் கேட்டிருந்தேன். சென்ற மாதம் பதில் வந்தது. மென்பொருளில் இருப்பது ஒரே வரம்புதான், அதை மாற்றும் எண்ணம் இல்லை, அறிக்கையின் அடியில் 'நோயாளியின் உடல்நிலையோடு பொருத்திப் பார்க்கவும்' என்று அச்சிட்டிருப்பதால் அதற்கு மேல் விளக்குவது மருத்துவரின் பொறுப்பு என்று அதில் எழுதியிருந்தது. அதே மாதத்தில்தான் அந்த நிலையம், வரம்பைத் தாண்டிய எண்களைச் சிவப்பு எழுத்தில் காட்டும் புதிய வகை அறிக்கைகளைப் பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு நேரடியாக அனுப்பத் தொடங்கியது. ஒரு பக்கம் விளக்கம் சொல்வது மருத்துவரின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டு, மறுபக்கம் குழந்தைக்குப் பொருந்தாத வரம்பின்படி நிறம் பூசிய எண்களை மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே தாயின் கையில் சேர்ப்பது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. மற்ற நிலையங்களின் அறிக்கைகளும் ஏறக்குறைய இதே நிலையில் இருப்பதால், இதைத் தனி மடலாக எழுதாமல் உங்கள் அனைவருக்கும் பொதுவில் எழுதுகிறேன்.

நான் தென்மாவட்டச் சிறுநகரம் ஒன்றில் பல ஆண்டுகளாகக் குழந்தை மருத்துவம் பார்த்து வருகிறேன். என் மேசைக்கு வரும் அறிக்கைகளில் பெரும்பாலானவை உங்கள் நிலையங்களில் அச்சானவை. அவற்றில் உள்ள எண்கள் பெரும்பாலும் சரியானவையே. உங்கள் கருவிகளைப் பற்றியோ, காலை 6 மணிக்கே வந்து அழும் குழந்தையின் கையில் நரம்பு தேடும் உங்கள் பணியாளர்களைப் பற்றியோ எனக்குக் குறையில்லை. அந்த எண்ணுக்கு வலப்பக்கத்தில் நீங்கள் அச்சிடும் இயல்பு வரம்பைப் பற்றித்தான் இந்த மடல்.

மிக எளிதானதிலிருந்து தொடங்குகிறேன். ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி கல்லீரலிலிருந்து மட்டுமல்லாமல் எலும்பை உருவாக்கும் செல்களிலிருந்தும் இரத்தத்தில் கலக்கிறது. வளரும் குழந்தைக்கு எலும்பு நாள்தோறும் உருவாகிக்கொண்டிருப்பதால், பெரியவர்களுக்கு 120, 130 என்று நிற்கும் மேல்வரம்பு குழந்தைகளுக்கு 350, 400 வரை போவது இயல்பு. பருவ வயதில் உயரம் வேகமாகக் கூடும்போது அதற்கும் மேலே போகலாம். ஆனால் உங்கள் அறிக்கையில் ஐந்து வயதுக் குழந்தைக்கு 290 என்பது சிவப்பு. கல்லீரல் பரிசோதனை என்ற தலைப்பின் கீழ் அது வருவதால், குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று வீடு முடிவு செய்துவிடுகிறது. கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதும், எண்ணெயையும் பாலையும் நிறுத்திப் பத்தியம் போடுவதும் அன்றிரவே தொடங்கிவிடுகின்றன. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை ஒரு வாரம் கஞ்சி குடித்து வாடிய பிறகு என்னிடம் வருகிறது.

இதே நொதி, ஐந்து வயதுக்கு உட்பட்ட சில குழந்தைகளுக்குச் சாதாரண வயிற்றுப்போக்கு அல்லது சளிக்காய்ச்சலுக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் ஏறி, எந்தச் சிகிச்சையும் இல்லாமல் சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ தானே இறங்கிவிடுவதும் உண்டு. குழந்தை மருத்துவத்தில் இது பழக்கமான செய்தி. எலும்பு, கல்லீரல் நோய்க்கான வேறு அறிகுறியோ மற்ற எண்களில் மாற்றமோ இல்லையென்றால் காத்திருந்து மறுபடி பார்ப்பதே போதும். ஒன்றரை வயதுக் குழந்தையின் அறிக்கையில் 2,000-ஐத் தாண்டிய எண்ணைச் சிவப்பில் பார்த்த ஒரு குடும்பம், என்னிடம் வருவதற்குள் பெருநகரம் ஒன்றுக்குப் போய் ஸ்கேன் எடுத்து, நகையை அடகு வைத்துத் திரும்பியிருந்தது. அடுத்து எடுத்த பரிசோதனையில் எண் தானாகவே இறங்கியிருந்தது.

வெள்ளை அணுக்களின் கணக்கும் அப்படித்தான். பிறந்த முதல் வாரத்துக்குப் பிறகு ஏறக்குறைய நான்கு, ஐந்து வயது வரை லிம்போசைட் அணுக்களே நியூட்ரோஃபில்களை விட அதிகமாக இருப்பது குழந்தைகளின் இயல்பு. பெரியவர்களின் வரம்பான 20 முதல் 45 சதவீதத்தை இரண்டு வயதுக் குழந்தைக்குப் பொருத்தினால், நல்ல உடல்நலத்தோடு இருக்கும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு லிம்போசைட் கூடுதலாகவும் நியூட்ரோஃபில் குறைவாகவும் சிவப்பில் வரும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு கூகுளில் தேடும் தகப்பனுக்கு முதலில் கண்ணில் படுவது இரத்தப் புற்றுநோய். ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் இந்தக் கேள்விதான் அடிக்கடி வருகிறது.

இவை எல்லாம் வீண் பயம், வீண் செலவு, வீண் மருந்து. நான் எழுதத் துணிந்ததற்கு முதன்மைக் காரணம் இவை அல்ல. சிவப்பில் வராத எண்களே என்னை எழுத வைத்தன.

கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாகி, சிறுநீரகத்தால் வெளியேற்றப்படும் கழிவு. தசை குறைவான சிறு குழந்தைக்கு அது 0.3, 0.4 என்ற அளவிலேயே இருக்கும். உங்கள் அறிக்கைகளில் எல்லா வயதுக்கும் அச்சாகும் வரம்பு 0.6 முதல் 1.2 வரை. சிறுநீர் மெலிதாக, முக்கி முக்கிப் போகும், அடிக்கடி காய்ச்சல் வரும், உயரம் கூடவில்லை என்ற குறைகளோடு நான்கு வயதைத் தாண்டிய ஒரு சிறுவனுக்கு வேறோர் இடத்தில் இந்தப் பரிசோதனை செய்யப்பட்டது. கிரியாட்டினின் 0.9. அச்சிட்ட வரம்புக்குள் கச்சிதமாக விழுந்ததால் கறுப்பு எழுத்து. 'கிட்னி நார்மல்' என்று கவுன்ட்டரிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெற்றோரும் நிம்மதியாகப் போய்விட்டார்கள். சில மாதங்கள் கழித்து அவன் என்னிடம் வந்தபோது, உயரம் 95 சென்டிமீட்டர். 2009-இல் திருத்தி வெளியிடப்பட்ட ஷ்வார்ட்ஸ் சூத்திரத்தின்படி உயரத்தை 0.413-ஆல் பெருக்கிக் கிரியாட்டினினால் வகுத்தால், அந்தப் பழைய அறிக்கையிலேயே சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் 44-க்குக் கீழே இருந்தது தெரிகிறது. 90-க்கு மேல் இருக்க வேண்டிய எண் அது. சிறுநீர்க் குழாயில் பிறவியிலேயே இருந்த அடைப்பைப் பிறகு ஸ்கேன் காட்டியது. அறுவை சிகிச்சை நடந்தது. ஆனால் அதற்குள் இழந்த சிறுநீரகத் திறன் திரும்பக் கிடைப்பதில்லை.

அந்த அறிக்கையில் எண் பிழையில்லை. அதைப் பக்கத்தில் நின்று 'இயல்பு' என்று சான்று சொன்ன வரம்புதான் பிழை. உயரத்தைக் கேட்காமல், பெரியவர்களுக்கான சூத்திரத்தைக் கொண்டு குழந்தைகளுக்கும் சிறுநீரகத் திறனைக் கணக்கிட்டு அச்சிடும் நிலையங்களும் உங்களில் உண்டு. கிரியாட்டினினை வெறும் எண்ணாக விட்டாலாவது மருத்துவர் யோசிப்பார். கணக்கிட்டு வைத்த விடை அந்த யோசனைக்கும் இடம் வைப்பதில்லை.

பாஸ்பரஸும் இதே கதை. வளைந்த கால்களோடு நடந்த இரண்டு வயதுப் பெண் குழந்தைக்குத் திரும்பத் திரும்ப வைட்டமின் டி கொடுக்கப்பட்டது, கால் நிமிரவில்லை. பாஸ்பரஸ் 2.9 என்று ஏற்கெனவே பார்த்திருந்தார்கள். அச்சிட்ட வரம்பு 2.5 முதல் 4.5 என்பதால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த வயதில் ஏறக்குறைய 4-க்குக் கீழே போனாலே நின்று கவனிக்க வேண்டும், 2.9 என்பது சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும் பரம்பரை ரிக்கெட்ஸ் என்ற எலும்பு நோயின் தெளிவான தடயம். அதே தாளில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் சிவப்பில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அது சிவப்பிலேயே வருவதைப் பார்த்துப் பழகிய மருத்துவர் அதை எப்படிப் பொருட்படுத்துவார்? ஓயாமல் சிவப்பு காட்டும் அறிக்கை, உண்மையாகவே சிவப்பாக வேண்டிய இடத்தில் நம்பப்படாமல் போகிறது.

பச்சிளம் குழந்தைகளிடம் வரும்போது, நாளைக் கூட அல்ல, மணியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் மொத்தப் பிலிருபின் 9 என்பது பிறந்து 72 மணி நேரம் ஆன, நிறைமாதத்தில் பிறந்த நலமான குழந்தைக்குப் பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. அதே 9, பிறந்து 18 மணி நேரமே ஆன குழந்தைக்கு உடனே செயல்பட வேண்டிய அளவு. உங்கள் அறிக்கை இரண்டுக்கும் ஒரே வரம்பாக 1.2-ஐக் காட்டி, இரண்டையும் ஒரே சிவப்பில் எழுதுகிறது. இரத்தம் எடுத்த நேரமும் பல அறிக்கைகளில் இல்லை; இருப்பது அச்சான நேரம். தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். பிறந்த முதல் நாளில் பல மடங்கு உயர்ந்து அடுத்த சில நாட்களில் இறங்குவது இயற்கை என்பதால், எந்த மணி நேரத்தில் எடுத்த இரத்தம் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பிலிருபினைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் மஞ்சள் மாறாத குழந்தைக்கு மொத்த அளவை மட்டும் பார்ப்பது போதாது. அதன் ஒரு பகுதியான நேரடிப் பிலிருபின் தனியாக வேண்டும். அது 1-ஐத் தாண்டியிருந்து மலமும் வெளிறியிருந்தால், பித்தநாளம் அடைபட்ட குழந்தையாக இருக்கலாம். பித்தம் வடிய வழி செய்யும் 'கசாய்' என்ற அறுவை சிகிச்சையைப் பிறந்த 60 நாட்களுக்குள் செய்தால்தான் நல்ல பலனுக்கு வாய்ப்பு அதிகம். செலவைக் குறைப்பதற்காக மொத்த அளவை மட்டும் செய்து அனுப்பும் வழக்கம் இந்தக் குழந்தைகளின் நாட்களைத் தின்றுவிடுகிறது.

ஹீமோகுளோபினைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிறந்தபோது உயர்ந்திருக்கும் அளவு இரண்டு, மூன்று மாதத்தில் 10-ஐ ஒட்டி இறங்குவது நிறைமாதக் குழந்தைகளுக்கு இயல்பான போக்கு. உலக சுகாதார நிறுவனமே 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரத்தசோகைக்கான எல்லையை 6 முதல் 23 மாதம் வரை 10.5 என்றும், 2 முதல் 4 வயது வரை 11 என்றும், 5 முதல் 11 வயது வரை 11.5 என்றும் தனித்தனியாக வகுத்திருக்கிறது. நீங்கள் 12-ஐயோ 13-ஐயோ கீழ்வரம்பாக எல்லாருக்கும் போடுகிறீர்கள். மறுபுறம், பிறந்த அன்று 13 இருக்கும் குழந்தைக்கு அது குறைவு. உங்கள் தாளில் அது நலம். சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. ஒரு வயதில் 72 இருப்பதும் பெரியவர்களின் 80-ஐ வைத்துப் பார்த்தால் குறையாகத்தான் தெரியும்.

தொண்டைத் தொற்றை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் ஏ.எஸ்.ஓ. என்ற எதிர்ப்பொருளைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு என்பதை மறைக்க மாட்டேன். பள்ளி வயதுக் குழந்தைகளுக்குத் தொண்டைத் தொற்று அடிக்கடி வருவதால் அந்த எதிர்ப்பொருள் பெரியவர்களின் 200 என்ற எல்லையைத் தாண்டியிருப்பது சாதாரணம். அந்த எண் பழைய தொற்றைக் காட்டுமே தவிர வாதக் காய்ச்சலைக் காட்டாது. இரவில் கால் வலிக்கிறது என்று சொன்ன பிள்ளைக்கு, ஏ.எஸ்.ஓ. சிவப்பில் வந்த ஒரே காரணத்துக்காக, இதயமும் மூட்டும் சரியாகப் பரிசோதிக்கப்படாமல், 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று ஆண்டுக்கணக்கில் போடப்பட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போட்டது மருத்துவர்தான். அவர் கையில் அந்தத் துணிவைக் கொடுத்தது சிவப்பு எழுத்து.

இந்த நிலையில், பள்ளிகளில் 'முழு உடல் பரிசோதனை' என்ற பெயரில் நலமான பிள்ளைகளிடம் கட்டுக்கட்டாகப் பரிசோதனை செய்யும் வணிகமும் தொடங்கியிருக்கிறது. இயல்பு வரம்பு என்பதே நலமாக இருப்பவர்களில் நடுவிலுள்ள 95 சதவீதத்தினரின் அளவு. மீதி 5 சதவீதத்தினர் நோயில்லாமலேயே அதற்கு வெளியே இருப்பார்கள். ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகளைச் செய்தால், நலமான ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஒன்றாவது வரம்புக்கு வெளியே விழும் வாய்ப்பு 64 சதவீதம். வரம்பு சரியாக இருந்தாலே இந்தக் கணக்கு. உங்களுடைய வரம்பை வைத்தால் தப்பும் பிள்ளைகள் அரிது.

நீங்கள் சொல்லும் காரணங்களையும் கேட்டிருக்கிறேன். இந்தியக் குழந்தைகளுக்கென்று வரம்பு இல்லை என்கிறீர்கள். கனடாவின் டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையின் கேலிப்பர் திட்டம், நலமான பல்லாயிரம் குழந்தைகளிடமிருந்து வயதுவாரியாக வகுத்த வரம்புகளை வெளியிட்டிருக்கிறது. இந்தியாவில் 2016 முதல் 2018 வரை நடந்த விரிவான தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் 1 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளின் இரத்தம் நாடெங்கும் எடுக்கப்பட்டு, ஹீமோகுளோபினுக்கு நம் நாட்டுப் பிள்ளைகளின் வயதுவாரி அளவுகள் கணக்கிடப்பட்டிருக்கின்றன. கனடாக் குழந்தையின் அளவு நம் குழந்தைக்கு அப்படியே பொருந்துமா என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் கிரியாட்டினினிலும் பாஸ்பரஸிலும் கனடாவின் நான்கு வயதுக் குழந்தைக்கும் நம்முடைய நான்கு வயதுக் குழந்தைக்கும் உள்ள வேறுபாடு, அந்தக் குழந்தைக்கும் அதன் தகப்பனுக்கும் உள்ள வேறுபாட்டின் அருகில் கூட வராது. அந்தத் தயக்கத்தைக் காட்டித் தகப்பனின் வரம்பை அச்சிடுவது தர்க்கம் ஆகாது.

புதிதாக வரம்பை வகுக்க ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் 120 நலமான பிள்ளைகள் வேண்டும் என்பதும், அது சிறு நிலையத்தால் ஆகாத காரியம் என்பதும் உண்மை. அதனால்தான் வெளியான வரம்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, தங்கள் கருவியில் 20 நலமான மாதிரிகளைக் கொண்டு சரிபார்த்து ஏற்கும் வழியை ஆய்வகத் தர விதிகளே அனுமதிக்கின்றன. மென்பொருளைப் பொறுத்தவரை, அறிக்கையின் தலைப்பில் நீங்களே குழந்தையின் வயதையும் பாலினத்தையும் பதிவு செய்கிறீர்கள். பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஹீமோகுளோபின் வரம்பைப் பிரித்துக் காட்டும் மென்பொருளுக்கு வயதைப் பார்த்து வரம்பைத் தேர்வது புது வித்தை அல்ல. ஒருமுறை உட்கார்ந்து அட்டவணையை உள்ளிட வேண்டும், அவ்வளவுதான். அடிக்குறிப்பு வரியைப் பொறுத்தவரை, வரம்பை அச்சிடுவதே ஒரு மருத்துவக் கூற்று. அதைத் தவறாகச் சொல்லிவிட்டுப் பொருத்திப் பார்க்கும் பொறுப்பைப் பிறர்மேல் ஏற்ற முடியாது. மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரமும் வரம்புகளை வரையறுத்துப் பயனாளர்களுக்குத் தெரிவிப்பதை ஆய்வகத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், பாஸ்பரஸ், ஹீமோகுளோபின், எம்.சி.வி., வெள்ளை அணுக்களின் வகைப்பிரிவு, பிலிருபின், டி.எஸ்.எச்., ஏ.எஸ்.ஓ. ஆகியவற்றுக்காவது இன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் வயதுவாரி வரம்பை அச்சிடுங்கள். அது எந்த வயதுப் பிரிவுக்குரியது, எங்கிருந்து எடுத்தது என்பதையும் அருகிலேயே குறிப்பிடுங்கள். அதுவரையிலும், வரம்பு கிடைக்காத மற்றப் பரிசோதனைகளுக்கும், 18 வயதுக்கு உட்பட்டோரின் அறிக்கையில் அந்த இடத்தை வெற்றாக விட்டு, நிறம் பூசுவதை நிறுத்துங்கள். வெற்றிடம் கேள்வியை எழுப்பும். தவறான வரம்பு அதை அடைத்துவிடும்.

பெற்றோருக்கு அறிக்கை அனுப்பக் கூடாது என்று நான் கேட்கவில்லை. அது அவர்களின் உரிமை. எழுதிக் கொடுத்த மருத்துவருக்கும் அதே நேரத்தில் அனுப்புங்கள். 'நார்மல்', 'அப்நார்மல்' என்று கவுன்ட்டரில் தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை உங்கள் பணியாளர்களிடம் தடை செய்யுங்கள். பெரியவர்களுக்கான சிறுநீரகச் சூத்திரத்தைக் குழந்தைகளின் அறிக்கையிலிருந்து நீக்குங்கள்; உயரத்தைக் கேட்டுப் பதிந்தால் ஷ்வார்ட்ஸ் கணக்கைத் தாராளமாக அச்சிடலாம். பச்சிளம் குழந்தையின் அறிக்கையில் பிறந்த நேரமும் இரத்தம் எடுத்த நேரமும் இல்லாமல் கையொப்பமிடாதீர்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய குழந்தைக்கு மொத்தப் பிலிருபின் கேட்கப்பட்டால் நேரடி அளவையும் சேர்த்தே செய்யுங்கள்.

குதிகாலைப் பிழிந்து எடுத்த இரத்தத்தில் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயரும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி இருந்தால் அதை அறிக்கையில் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழையோடு டெங்கு வரும் மாதங்களில், தட்டணுக்கள் குறைவு என்று கருவி சொன்னால், குழாயில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்த்து, கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் சரிபார்த்த பிறகே வெளியிடுங்கள்.

மாவட்டத்தின் நலப்பணிகள் இணை இயக்குநருக்கும் இந்த மடலின் பிரதியை அனுப்புகிறேன். 1997 ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி நிலையங்களைப் பதிவு செய்து ஆய்வு செய்யும் அவரது அலுவலகம், ஆய்வுக்குப் போகும்போது கழிவு அகற்றும் வாளிகளின் நிறத்தைப் பார்ப்பதோடு, ஒரு வயதுக் குழந்தையின் அறிக்கை ஒன்றையும் அச்சிடச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்றும், வயதுவாரி வரம்பைப் பதிவு புதுப்பித்தலின்போது சரிபார்க்க வேண்டியவற்றில் சேர்க்க அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அட்டவணைகளைத் திரட்டித் தருவதற்கும், உங்கள் மென்பொருளாளருடன் உட்கார்ந்து உள்ளிடுவதற்கும், எந்த நிலையம் அழைத்தாலும் கட்டணமின்றி வருகிறேன். வர இயலாது, மாற்ற இயலாது என்று முடிவு செய்யும் நிலையம் அதைக் காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்கட்டும். அங்கிருந்து வரும் குழந்தைகளின் அறிக்கைகளை வரம்புப் பகுதியை அடித்துவிட்டே என் நோயாளிக் கோப்பில் சேர்ப்பேன் என்பதைப் பெற்றோருக்கும் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
குழந்தை மருத்துவர் ஒருவர்